டான்ஸானியா போகிறவர்களுக்கு

"ஆப்பிரிக்காவுக்கா? அங்கே என்ன இருக்கிறது, சிங்கந்தானே!" என்றார் என் சக உபாத்தியாயர் ஒருவர். என் மைத்துனர் தாருஸ்ஸலாம் நகரில் எஞ்சினீயராக இருக்கிறார். ஒரு கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் அவரிடம் போய் ஒரு மாதம் தங்கிவரத் தீர்மானித்தபோது பள்ளிக்கூடத்தில் நடந்த சம்பாஷணை இது. அப்போது நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். சிங்கங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தேசத்தில் நான் தலைகுனிய நேர்ந்ததெல்லாம் மனிதர்களிடத்தில்தான்.

இப்போது நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் பிரயாணம் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எந்த ஹோட்டலில் தங்குவது, எந்த வண்டி அமர்த்துவது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுவார்தான் இல்லை. அந்தக் குறையை என்னால் இயன்றமட்டும் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸாவை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். நேரே போகாமல் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016-ல் விதி செய்துவிட்டார்கள். ஆகையால் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. அந்த மஞ்சள் நிறப் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்கக்கூடும். மலேரியாவுக்கு ஊசியைக் காட்டிலும் கொசுவலையும் டாக்டர் கொடுக்கும் மாத்திரையுந்தான் துணை.

மற்றொன்று, பெண்மணிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. நம் வழக்கப்படி ஊறுகாய் ஒரு பையில், பருப்புப்பொடி ஒரு பையில், அதன் மேல் இன்னொரு பை என்று பிளாஸ்டிக் பைகளாகச் சுற்றிக் கட்டாதீர்கள். கடைக்காரர் கொடுக்கும் ரகத்துப் பிளாஸ்டிக் பைகளை 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து அந்த நாட்டில் தடுத்துவிட்டார்கள். துணிப்பை கொண்டுபோங்கள். பொடிகளை டப்பாவில் போடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வயதான ஸ்திரீ ஒருத்தி தக்காளியைச் சிறு சிறு கோபுரமாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நேரே போய் நின்று, விரலால் தக்காளியைச் சுட்டிக்காட்டி, "பே கானி?" என்றேன். "விலை என்ன?" என்று அர்த்தம். மைத்துனர் சொல்லிக்கொடுத்திருந்தார், மிகவும் பெருமையோடுதான் சொன்னேன். அந்த அம்மாள் விலை சொல்லவில்லை. என் முகத்தை நிதானமாக ஏறிட்டுப் பார்த்து, "ஹுஜாம்போ?" என்றாள். "சௌக்கியமா?" என்பது இதன் பொருள். நான் விழித்தேன். வீட்டில் நலமா, காலை எப்படி விடிந்தது என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, அவற்றுக்கான பதிலையும் தானே சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் விலையைச் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். இருபது வருஷங்களாகக் குழந்தைகளுக்கு மரியாதை கற்றுக்கொடுத்து வருகிற என்னை அந்தக் கிழவி பெஞ்சு மேல் நிற்கவைத்துவிட்டாள்!

டான்ஸானியாவில் முதல் விதி இதுதான்: எதற்கும் முன்னால் க்ஷேமம் விசாரிக்க வேண்டும். போலீஸ்காரரிடம் வழி கேட்பதானாலும், ஹோட்டலில் வெந்நீர் கேட்பதானாலும் இதில் மாற்றம் இல்லை. அவசரம் என்று நேரே காரியத்துக்குப் போகிறவனை அவர்கள் வளர்ப்புச் சரியில்லாதவன் என்று நினைக்கிறார்கள். கை கொடுத்தால் உடனே விடமாட்டார்கள். பேசி முடிகிறவரையில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். வெடுக்கென்று உருவிக்கொள்ளக் கூடாது.

பெரியவர்களுக்கென்று தனி வந்தனம் ஒன்று உண்டு. "ஷிகாமூ" என்பது அது. பாதத்தைப் பிடிக்கிறேன் என்பது அதன் மூலப்பொருள். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். இதைக் கேட்டதும் என் மனைவி, "நம் ஊர் நமஸ்காரந்தானே இது! இதற்காகவா அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்?" என்றாள். உண்மைதான். நரை கண்டவர் எவரைப் பார்த்தாலும், அவர் வாயிற்காவலராக இருந்தாலும், "ஷிகாமூ" என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் மலர்வதற்குப் பணம் கொடுத்தாலும் ஈடாகாது. நம்மைப்போல் நாற்பது தாண்டியவர்களுக்குச் சிறுவர்கள் சொல்லுவார்கள். அப்போது "மரஹபா" என்று பதில் சொல்லத் தெரியாமல் நாமும் "ஷிகாமூ" என்றால் குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். மஸாய் குழந்தைகள் தலையைக் குனிந்து நிற்பார்கள். உள்ளங்கையால் உச்சியைத் தொடவேண்டும்.

உறவுமுறை வைத்து அழைப்பதிலும் நமக்குக் கஷ்டம் இல்லை. வயதான ஆடவரை "ம்ஸே" என்றும், தாய்மார்களை "மாமா" என்றும் அழைக்கிறார்கள். அம்மாளைப் போய் மாமா என்பதா என்று முதலில் நாக்குத் தடுமாறும், பழகிவிடும். சகோதரியை "தாதா" என்பார்கள், சகோதரனை "காக்கா" என்பார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் சகோதரர்கள் அண்ணனைக் காக்கா என்பது நமக்குத் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதைப் பாஷா பண்டிதர்களுக்கு விட்டுவிடுகிறேன். குழந்தை பெற்றவளைப் பெயரிட்டு அழையாமல், மூத்த குழந்தையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய தாய் என்று அழைப்பதும் அங்கே வழக்கம்.

ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று "ஹோடி!" என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்து "கரிபு" என்று வரவேற்கும் குரல் வந்த பிறகே படியேறலாம். கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்துவிடக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்துபோனாலும் அவர் "கரிபு" என்பார், உபசாரத்துக்குச் சொல்வதுதான். "அஸந்தே" என்று வந்தனம் சொல்லிவிட்டுப் போகலாம். உண்மையாகவே அழைத்து உட்காரவைத்தால், கூஜாவிலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். வலக்கையால் சாப்பிட வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் அல்லது இரு கைகளால். இதெல்லாம் ஐரோப்பியருக்குப் பாடம், நமக்குப் பழக்கம். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறிய "உகாலி"யைக் கிள்ளி உருட்டிக் குழம்பில் தோய்த்து என் மனைவி சாப்பிட்டதைப் பார்த்து, அந்த வீட்டு அம்மாள், "இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று சந்தோஷப்பட்டாள்.

சைவ உணவுக்காரர்கள் பயப்படவேண்டாம். ஆனால் "ஸிலி நியாமா", அதாவது இறைச்சி சாப்பிடமாட்டேன், என்று மட்டும் சொன்னால் போதாது. மீனையும் கோழியையும் அவர்கள் வேறாகக் கருதுவதுண்டு. "ஸமாகி", "குகு" இரண்டும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தேங்காய்ப்பால் விட்டு வடித்த சாதம், "மஹராகே" என்னும் அவரைவிதைக் குழம்பு, "ம்சிச்சா" என்கிற நம் முளைக்கீரை, சப்பாத்தி இவை எங்கும் அகப்படும். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். வண்டிக்கு "காரி", பணத்துக்கு "பேஸா", லட்சத்துக்கு "லாகி" என்பவையும் நம் நாட்டு வியாபாரிகளோடு கடல் தாண்டிய சொற்களே. நமக்கு வாடையாக வீசும் அந்த வடகீழ்க் காற்று, கச்சு தேசத்துப் பாய்மரக் கப்பல்களை வருஷந்தோறும் ஸான்ஸிபார் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வந்தது.

நேர விஷயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். ஒரு நாள் வெளியூர் போக வண்டி பேசினோம். விடுதிக்காரப் பையன் "ஸா ம்பிலி"க்கு வரும் என்றான். ம்பிலி என்றால் இரண்டு. மத்தியானம் இரண்டு மணிக்குத்தானே என்று சாவகாசமாக ஸ்நானம் செய்து பத்து மணிக்குச் சிற்றுண்டிக்கு வந்தோம். வண்டி காலை எட்டு மணிக்கே வந்து, முக்கால் மணி காத்திருந்து, போய்விட்டிருந்தது. ஸ்வாஹிலிக் கணக்கில் நாள் சூரியோதயத்தில் ஆரம்பம். நம்முடைய ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, எட்டு, இரண்டு. கடிகாரத்தில் சிறிய முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரில் உள்ள எண்ணைப் படித்தால் சரியாக இருக்கும். உதயாதி நாழிகை என்று ஜாதகத்தில் எழுதுகிற நாம் இதைக் கண்டு ஆச்சரியப்பட நியாயம் இல்லை. ஆனாலும் யார் நேரம் சொன்னாலும், "எந்தக் கணக்கில்?" என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸெரெங்கெட்டி வனத்தின் பரப்பு பதினாலாயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். பத்து லட்சத்துக்கும் அதிகமான காட்டு மாடுகள் புல்லையும் மழையையும் தேடி அதில் வருஷம் முழுவதும் வட்டமிடுகின்றன. மார்ச்சிலிருந்து மே வரையில் பெருமழை. நம் பள்ளிக்கூட விடுமுறை அதில்தான் வந்து விழுகிறது. எங்கள் வண்டி இரண்டு தடவை சேற்றில் புதைந்தது. இஷ்டப்படி லீவு கிடைக்கிறவர்கள் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் போகலாம்.

வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, பாதையைவிட்டு விலகக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, ஒன்றுக்கும் தீனி போடக் கூடாது. இவை சட்டம். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போ" என்று டிரைவரை நச்சரிப்பதும் தவறு. விதி மீறினால் அபராதமும் பிழைப்புக்கு நஷ்டமும் அவருக்குத்தான். சிறுத்தை இரை தேடுகிற சமயம் நாலு வண்டிகள் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தால் அது பட்டினி கிடக்கும். அதன் குட்டிகளும் பட்டினி கிடக்கும்.

இங்கே ஒரு சம்பவத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். எங்கள் வண்டியில் வடநாட்டுக் குடும்பம் ஒன்றும் வந்தது. நல்லவர்கள்தான், தின்பண்டமெல்லாம் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெரியவர் டிரைவரின் நிறத்தைப் பற்றி ஹிந்தியில் ஏதோ கேலி சொல்ல, அவர் வீட்டார் சிரித்தார்கள். இளம்பிராயத்தில் பிரசார சபையில் மத்யமா வரையில் படித்த எனக்கு அது புரிந்தது. நான் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. அரைமணி நேரம் கழிந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, தூரத்தில் ஒரு மரத்தடியைக் காட்டி, சுத்தமான ஹிந்தியில், "ஐயா, இடது பக்கம் சிங்கம் இருக்கிறது, பாருங்கள்" என்றார். வண்டியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தாருஸ்ஸலாமில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் அவர் பதினோரு வருஷம் வேலை பார்த்தாராம். அன்று மாலை விடுதியில் இறங்கியபோது எங்கள் எல்லோருடைய பெட்டிகளையும் அவரே இறக்கிக் கொடுத்தார். அந்தப் பெரியவர் கையில் நோட்டுக்களைத் திணித்தார். டிரைவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு "அஸந்தே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நானும் அன்று சும்மா இருந்தவன் என்பது இன்றுவரை என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

நிறத்துக்காக ரயில் வண்டியிலிருந்து இறக்கித் தள்ளப்பட்ட ஒருவரைத் தேசபிதா என்று கொண்டாடுகிற நாட்டிலிருந்து போகிறோம். அந்த 1893-ம் வருஷத்துக் கப்பல் பிரயாணத்தில் காந்தியடிகள் ஸான்ஸிபாரிலும் சில நாள் தங்கித்தான் தென்னாப்பிரிக்கா சென்றார். டான்ஸானியாவில் நம்மவர்களுக்கு நெடுநாளையச் சரித்திரம் உண்டு. அதில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. 1971-ல் வாடகைக் கட்டடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். மனக்கசப்பு இரண்டு பக்கத்திலும் இருந்தது. தெருவில் குழந்தைகள் "ம்ஹிந்தி!" என்று கூவினால் கோபிக்காதீர்கள், இந்தியர் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. ஆனால் வளர்ந்த மனிதரைப் "பாய்" என்று கைதட்டிக் கூப்பிட்டால் அவர்கள் கோபிப்பது நியாயம்.

அவர்களுடைய முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே என் தொழில்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. உபாத்தியாயராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1961-ல் டாங்கனீகா சுதந்திரம் பெற்றது. 1964-ல் ஸான்ஸிபாரும் சேர்ந்து டான்ஸானியா ஆயிற்று. நூற்றிருபதுக்கு மேற்பட்ட இனத்தார் வாழும் தேசத்தை ஸ்வாஹிலி என்ற ஒரே பாஷையில் பேசவைத்ததோடு நில்லாமல், ஷேக்ஸ்பியரின் "ஜூலியஸ் ஸீஸ"ரையும் "வெனிஸ் வர்த்தக"னையும் அதில் மொழிபெயர்த்தார். இறந்து (1999) இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் ஜனங்கள் அவரை "ம்வாலிமு" என்றுதான் சொல்லுகிறார்கள். உபாத்தியாயர் என்று பொருள். ஆயிரம் ஷில்லிங் நோட்டில் அவர் படம் இருக்கிறது. கசக்கி எறிகிறாற்போல் கொடுக்காதீர்கள்.

படம் பிடிக்கிற விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் துடுக்கு. ராணுவக் கட்டடம், போலீஸ் நிலையம், துறைமுகம், ஜனாதிபதி மாளிகை இவற்றைப் படம் பிடித்தால் காமிராவோடு நிலையத்துக்குப் போகவேண்டி வரும். மனிதர்களைக் கேளாமல் பிடிக்கக் கூடாது. சிவப்புப் போர்வையும் மணிமாலையுமாக நிற்கும் மஸாய் மக்களைக் கண்டால் கை துருதுருக்கும். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியை அந்நியன் ஒருவன் வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போனால் விடுவோமா? கேளுங்கள், சம்மதித்தால் எடுங்கள், பணம் கேட்டால் முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாயையும் பேனாவையும் வண்டியிலிருந்து வீசாதீர்கள். கொடுக்க ஆசையிருந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரம். நான் அடிவாரத்தோடு நின்றவன். ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டி கட்டாயம். "போலே போலே", மெல்ல மெல்ல, என்று அவர் சொல்வதைக் கேளாமல் இளரத்தத்தில் ஓடுகிறவர்கள் பாதி வழியில் தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புகிறார்கள். சுமை தூக்கிகளுக்கு ஆளுக்கு இருபது கிலோதான் வரம்பு. மலிவாகக் கூட்டிப்போகிறோம் என்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூலியில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். தூக்கிகளுக்கு என்ன கூலி, எத்தனை வேளை சாப்பாடு என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். "போலே" என்பதற்கு அனுதாபம் என்றும் பொருளுண்டு. நீங்கள் தடுக்கி விழுந்தால் சம்பந்தமே இல்லாதவரும் "போலே" என்பார். தாமே தள்ளிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார் என்று நினைக்கவேண்டாம்.

ஸான்ஸிபார் தீவுக்குப் போகிறவர்கள் 2024 அக்டோபரிலிருந்து தீவு அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ் வாங்கியாக வேண்டும். நாற்பத்து நாலு டாலர். அங்கே ஜனங்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கடற்கரையைவிட்டு ஊருக்குள் வரும்போது தோளும் முழங்காலும் மறையும்படி உடுக்க வேண்டும். நம் புடவைக்கும் வேஷ்டிக்கும் இதில் தடை இல்லை. ரம்ஜான் மாதத்தில் பகலில் தெருவில் நின்று தின்பதும் குடிப்பதும் கூடாது. உதவி செய்கிறேன் என்று ஒட்டிக்கொள்ளும் தரகர்களுக்கு அவ்வூரார் வைத்திருக்கும் பெயர் "பபாஸி". உண்ணி என்று அர்த்தம்! "ஹபானா, அஸந்தே" (வேண்டாம், வந்தனம்) என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

கல்நகரம் என்று பெயர் பெற்ற பழைய பட்டணத்தில் ஒரு மாதாகோவில் இருக்கிறது. 1873-ல் மூடப்பட்ட அடிமைச் சந்தையின்மேல் கட்டியது. அருகே தரைமட்டத்துக்குக் கீழே குனிந்துதான் நுழையக்கூடிய அறைகள். வெளியே ஒரு குழியில் கழுத்தில் சங்கிலி பூட்டிய ஐந்து மனிதர்களின் கற்சிலைகள். அதன் எதிரில் பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் தேசத்தவரும் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்நாளில் ஸுல்தானின் சுங்கத்தைக் குத்தகை எடுத்திருந்தது கச்சுக் கம்பெனி. உள்நாட்டுக்கு யானைத்தந்தமும் அடிமைகளும் தேடிச் சென்ற கூட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும் நம் வணிகர்கள் உண்டு. எங்களை அழைத்துப்போன வழிகாட்டி இதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது அவருடைய மரியாதை.

கடைசியாக, வாங்கிவரும் சாமான்கள். யானைத்தந்தம், ஆமை ஓடு, பவழம் இவற்றை யார் விற்றாலும் தொடாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் சிறைதான். லவங்கமும் ஏலமும் தாராளமாக வாங்கலாம். கலைப்பொருள் கடைகளில் பேரம் உண்டு; சிரித்துக்கொண்டே பேசவேண்டும். பாதி விலைக்குப் படிந்துவிட்ட பிறகு, "வேண்டாம்" என்று எழுந்து போவது மகா அவமரியாதை. பெண்மணிகளுக்கு "காங்கா" என்னும் சித்திரத்துணி ரொம்பப் பிடிக்கும். ஜோடியாக விற்பார்கள். கரைக்கு மேலே ஸ்வாஹிலியில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். பழமொழியோ, ஆசியோ, குத்தலோ, எதுவாகவும் இருக்கலாம். அர்த்தம் கேளாமல் வாங்கக் கூடாது.

என் மனைவி மாம்பழ வர்ணத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்குக் கொடுப்பதற்கென்று சொன்னாள். கடைக்கார அம்மாள் வாசகத்தைப் படித்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அயல்வீட்டு விஷயத்தை நாலு தெருவுக்கும் கொண்டுபோகிற நாக்கைப் பற்றியதாம் அது. "வேறே எடுத்துக்கொள்ளுங்கள், மாமா" என்று அவளே மடித்து உள்ளே வைத்துவிட்டாள். எங்கள் தெருவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் மனைவி நின்று, "அதையே வாங்கியிருக்கலாமோ?" என்று கேட்டாள்.